அரை சென்டிமீட்டர்

ஊசி போட்ட அன்றைக்கே
ஜன்னலை அடைத்துவிட்டார் ஸ்டீபன்சன்.
ஒன்றுக்குப் பழைய கம்பளி.
மற்றதுக்கு அவர் தம்பி மகளின் கல்யாண ஃபிளெக்ஸ்,
படம் உள்பக்கம்.
பெண்ணும் மாப்பிள்ளையும்
ராத்திரி பகல் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

வெயில் பட்டால் தோல் வெந்துபோகும் என்றார் டாக்டர்.
உடம்பெல்லாம் இப்போ மருந்து, பிரேமலெட்.
வெளிச்சம் படுற இடத்தில்தான் அது விழிக்கும்.
நமக்கு நாக்கில் மட்டும் விழிச்சால் போதும்.

எவ்வளவு ஆழம் போகும்?

அரை சென்டிமீட்டர். கூடினால் ஒன்று.

சிரிப்பு வந்தது எனக்கு.
குலசேகரத்துக்கு மேலே அந்தச் சரிவில்
இருபத்திரண்டு வருஷமாக
நான் வெட்டுவது அதைவிடக் குறைவு.
பட்டையில் பால் ஓடும் இடம் வரைக்கும் போகணும்,
தடியைத் தொடக் கூடாது.
தொட்டால் அந்த இடம் முண்டு கட்டும்,
பிறகு கத்தி ஏறாது.
முண்டு என்றால் என்னவென்று
என் நாக்குக்கும் தெரியும்.

வெத்திலை போட்டேனா என்று எல்லோரும் கேட்டார்கள்.
போட்டேன். புகையிலையும்.
மூணு மணிப் பனியில்
முந்நூறு மரம் வெட்டிவிட்டு வந்து கேளுங்கள்.

நாலாம் நாள் சிவப்பு வெளிச்சம்.
மயக்கத்தில் நான் பார்க்கவில்லை.
ஒரு இடத்துக்கு இருநூறு நொடி என்றாள் நர்ஸ்.
இருநூறு நொடி என்பது
எட்டு மரம்.

வீடு வந்த பிறகு பேச்சில்லை.
வீங்கிய நாக்கு வெளுத்து, கறுத்து,
சிரட்டையில் காய்ந்த ஒட்டுபால் மாதிரி
ஓரத்திலிருந்து விடத் தொடங்கியது.
பால் கணக்கு நோட்டில் எழுதிக் காட்டினேன்:
கஞ்சி சூடு.
டிவியைத் தள்ளி வை.
மரம்?
லில்லிபாய் வெட்டுகா என்றார்.
அதற்கு நான் ஒன்றும் எழுதவில்லை.

முழு இருட்டும் ஆகாதாம்.
தினமும் கொஞ்சம் வெளிச்சம் தின்னால்தான்
மருந்து உடம்பை விட்டுப் போகும்.
முதலில் அடுத்த அறை பல்பு,
பிறகு இந்த அறை பல்பு,
பிறகு அந்திக்குப் பின்னால் முற்றம்.
ரேஷன் கார்டு இல்லாத ரேஷன்.

பதினோராம் ராத்திரி
அவர் தூங்கின பிறகு செருப்பை மாட்டினேன்.
விளக்கு எடுக்கவில்லை.
கால் வழியறியும்.
முதல் மரத்தில் விரலை ஓட்டினேன்,
சரி.
இரண்டாவது, சரி.
ஐந்தாவதில் ஈரமான குழி,
தடி வரைக்கும்.

அப்போதுதான் கீழேயிருந்து ஹெட்லைட் ஏறி வந்தது,
நேரே என் முகத்துக்கு.
முந்தானையால் மூடிக்கொண்டு
வராத குரலில் ஏதோ கத்தினேன்.

"யக்கா? இஞ்ச என்ன செய்யுதிய?"

பிறகு அவளுக்கே ஞாபகம் வந்து
விளக்கை அணைத்தாள்.
இரண்டு பேரும் நின்றோம்.
ஒரு தவளை இரைந்தது, நின்றது.
அவள் கையைப் பிடித்து
அந்தக் குழியில் வைத்தேன்.
வெகுநேரம் கழித்து, "தூக்கம் வருதுக்கா," என்றாள்.
"மூணு பிள்ளய."

கத்தியை வாங்கினேன்.
ஆறாவது மரம்.
காதால் வெட்டினேன்,
பட்டை இழையும் சத்தம் மாறாமல்.
பால் வந்ததா என்று தெரியவில்லை,
அவள் சுண்டுவிரலை நீட்டிப் பார்த்து
"வருது" என்னும் வரை.

இன்றைக்குச் சோதனை.
ஏத்தங்காய் சிப்ஸ் வாங்கின காகித உறை,
எண்ணெய்க் கறை போகவில்லை.
அதில் ஐந்து ரூபாய் அளவுக்கு ஓட்டை வெட்டி
கையை உள்ளே விட்டு
வாசலுக்கு வெளியே நீட்டச் சொன்னார்கள்.
ஐந்து நிமிஷம்.
ஸ்டீபன்சன் போனில் நேரம் பார்க்கிறார்.
கதவுக்குப் பின்னால் நான்,
கதவுக்கு வெளியே என் கை,
கையின் மேல்
ஒரு நாணயம் வெயில்.

சுடுகிறதா என்கிறார்.
"நாளைக்குச் சொல்லும்,"
என்றேன் குழறலாக.
சிவந்தால் இன்னும் காத்திருக்கணும்.
சிவக்காவிட்டால்
ஃபிளெக்ஸைக் கழற்றலாம்.
அந்தப் பெண் பிள்ளைத்தாச்சியாம்,
நேற்றுத்தான் சொன்னார்கள்.